செவ்வானமும் துறைமுகமும்: சிங்கப்பூரின் அந்திப் படங்கள் குறித்து ஒரு திணைநோக்கு

முன்னுரை

தமிழாசிரியர் அனைவருக்கும் பழக்கமான படம் ஒன்று உண்டு. மேல்வானம் சிவந்திருக்கும், நீர்ப்பரப்பு அச்சிவப்பைத் தன்மேல் ஏற்றிருக்கும், தொலைவில் கப்பலோ பாரந்தூக்கியோ உயர்ந்த கட்டடங்களோ கருநிழலாய் நிற்கும். படக்கட்டுரைப் பயிற்சித் தாள்களிலும் நாட்காட்டிகளிலும் சுற்றுலா அட்டைகளிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் இப்படத்தைக் காணலாம். இதனை மாணவர்முன் வைத்து வருணிக்கச் சொன்னால் பெரும்பாலோர் எழுதுவது ஒன்றாகவே இருக்கும். பொற்கதிர் வரும், செவ்வானம் வரும், மனத்தில் அமைதி தோன்றும், படத்தில் பறவை இல்லாவிடினும் கட்டுரையில் கூடு திரும்பும் பறவை வந்துவிடும்.

இதனை மாணவரின் மொழிவளக் குறை என்றே நாம் கருதி வந்துள்ளோம். குறையின் ஒரு பகுதி படத்திலும் இருக்கக்கூடும் என்பது இக்கட்டுரையின் கருத்து. சிங்கப்பூர்த் துறைமுகத்தை அந்தி நேரத்தில் படமெடுக்கும் வழக்கம் எவற்றைக் காட்டுகிறது, எவற்றை விட்டுவிடுகிறது, அவ்விடுபாடு எதனால் நேர்கிறது என்பவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அதற்குரிய அளவுகோலாகத் தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு கொள்ளப்படுகிறது.

படமெடுக்கும் இடம்

இன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தின் அந்திப் படங்கள் என வழங்குவனவற்றுள் பல மரினா குடாவில் எடுக்கப்படுவன. படமெடுப்போர் குடாவின் கிழக்குக் கரையில், மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் முன்னுள்ள நடைபாதையிலோ ஹீலிக்ஸ் பாலத்திலோ முக்காலியை நிறுத்தி, மேற்கு நோக்கிக் காத்திருக்கின்றனர். எதிர்க்கரையில் ராஃபிள்ஸ் பிளேஸின் வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் பின்னே கதிரவன் இறங்குகிறான். 1972இல் ஆற்று முகத்துவாரத்தில் நிறுவப்பட்டு, 2002இல் இப்போதுள்ள இடத்திற்கு நகர்த்தப்பட்ட மெர்லயன் சிலையும் இச்சட்டகத்துள் அடங்கிவிடுகிறது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே அமைந்துள்ளது. ஆதலால் ஆண்டு முழுவதும் கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாகவே அடிவானத்தில் இறங்குகிறான். மறைவு மாலை 7 மணியை ஒட்டி நிகழ்கிறது. 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்படுவதற்குமுன் அது 6.30 மணியை ஒட்டி நிகழ்ந்தது. மறைந்தபின் எஞ்சும் வெளிச்சம் இருபது நிமிடங்களுக்குச் சற்றே மேல். வட ஐரோப்பாவின் நெடிய அந்தியை இங்கு எதிர்பார்க்க இயலாது. எனவே படமெடுப்போர் முன்கூட்டியே இடம்பிடித்து, சட்டகத்தை அமைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியுள்ளது. இடமும் திசையும் கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே இருப்பதால் படங்களும் ஒன்றுபோல் அமைவதில் வியப்பில்லை.

வியப்புக்குரியது வேறொன்று. அவ்விடத்தில் இன்று துறைமுகம் இல்லை. 2008இல் மரினா அணை கட்டி முடிக்கப்பட்டபின் குடா கடலிலிருந்து பிரிக்கப்பட்டு நன்னீர்த் தேக்கமாயிற்று. ஒரு காலத்தில் அக்கரையே துறைமுகத்தின் வாயிலாக இருந்தது. 1933இல் திறக்கப்பட்ட கிளிஃபர்ட் துறை வழியாகவே வந்தேறிகளும் கப்பற்பணியாளரும் படகில் வந்து கரையேறினர். அதற்குமுன் அங்கிருந்த ஜான்ஸ்டன் துறையில் படகோட்டிகளுக்கு வழிகாட்டச் சிவப்பு விளக்கு ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அதனால் ஹொக்கியன் மொழியில் வழங்கிய 'சிவப்பு விளக்குத் துறை' என்னும் பெயர் பின்னர்க் கிளிஃபர்ட் துறைக்கும் வந்து சேர்ந்தது. அந்தியில் அத்துறையில் தெரிந்த சிவப்பு, கரைசேர வேண்டியவருக்காக ஏற்றப்பட்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது. கிளிஃபர்ட் துறை 2006இல் மூடப்பட்டது. அதன் பணி மரினா சவுத் துறைக்கு மாறியது.

ஆற்றின் நிலையும் இத்தகையதே. சிங்கப்பூர் ஆற்றை நிறைத்திருந்த சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. முதற் கொள்கலன் கப்பல் 1972இல் தஞ்சோங் பகாருக்கு வந்தது முதல் சரக்கேற்றும் வேலை நகரத்தாரின் கண்ணிலிருந்து படிப்படியாக விலகி, வேலிக்குள் சென்றுவிட்டது. துவாஸ் துறைமுகம் 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நகரையொட்டிய முனையங்களையும் அங்கே மாற்றுவது அறிவிக்கப்பட்ட திட்டமாகும். ஆக, துறைமுகம் மேற்குக் கோடிக்குப் பெயர்ந்துகொண்டிருக்கையில் துறைமுகப் படம் மட்டும் பழைய இடத்திலேயே எடுக்கப்பட்டு வருகிறது.

கலை வரலாற்றில் துறைமுக அந்தி

துறைமுகத்தையும் சாயும் கதிரவனையும் இணைக்கும் காட்சி புகைப்படத்தோடு தோன்றியதன்று. ஐரோப்பிய ஓவியத்தில் இதற்கு வலிமையான மரபு உண்டு. கிளோட் லொரேன் 1639இல் தீட்டிய, இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள துறைமுக ஓவியம் அம்மரபின் முன்மாதிரிகளுள் ஒன்று. அதில் கதிரவனை நேரே நோக்கியவாறு காட்சி அமைந்துள்ளது. ஆயினும் முன்கரையில் மனிதர் நிறைந்துள்ளனர்; சிலர் சண்டையிட்டுக் கொண்டும் இருக்கின்றனர். ஒளியின் அழகைத் தீட்டிய ஓவியர் துறைமுகத்தின் சந்தடியை நீக்கிவிடவில்லை.

புகைப்படம் தோன்றியபோது இக்காட்சியை எடுப்பது எளிதாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வழங்கிய கொலோடியன் தட்டுகள் நீல ஒளியை மிகுதியாகவும் செவ்வொளியை மிகக் குறைவாகவும் ஏற்றன. நிலத்துக்கு ஏற்ற அளவில் ஒளியைப் பதித்தால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்படங்கள் சிலவற்றில் கடலை ஒரு தட்டிலும் வானத்தை மற்றொரு தட்டிலும் பதித்து, அச்சிடுகையில் இணைத்தார். அக்காலத்தின் வானழகு இவ்வாறு ஒட்டி உண்டாக்கப்பட்டதும் உண்டு.

சிங்கப்பூரில் 1867இல் ஜி. ஆர். லம்பர்ட் தம் படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கினார். அவர் பெயரில் இயங்கிய நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இப்பகுதியின் காட்சிகளைப் பதிவு செய்து விற்றது. அந்நிறுவனத்தின் ஆற்றுப் படங்களிலும் துறைப் படங்களிலும் வானம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். கீழே படகுகளும் கரையும் கிடங்குகளும் பட்டப்பகலின் வெளிச்சத்தில் துலங்கும். தொழில்நுட்பக் குறைபாடே துறைமுகத்தின் வேலைநேரத்தைப் பதிவு செய்ய வைத்தது எனலாம். ஆயினும் அப்படங்களைப் போற்றிப் பேசுவதில் எச்சரிக்கை தேவை. அவை ஐரோப்பியப் பயணிகளுக்கு விற்கப்பட்ட சரக்குகள். அக்கால நிலையங்கள் எடுத்த மனிதப் படங்களில் பலர் இன்ன இனத்தார், இன்ன தொழிலினர் என்னும் வகைமாதிரிகளாகவே நிறுத்தப்பட்டனர். முகம் தெரிந்தது, பெயர் இல்லை.

எல்லா நிறங்களையும் ஏற்கும் தட்டுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தன. 1935இல் கோடாக்ரோம் வண்ணப்படச் சுருள் வந்தபின், செவ்வானம் எவர்க்கும் எட்டும் பொருளாயிற்று. 1977இல் வெளிவந்த தம் புகைப்படக்கலை நூலில் சூசன் சொன்டாக், சூரிய மறைவுகளே இப்போது புகைப்படங்களை மிகவும் ஒத்துத் தோன்றுகின்றன என்னும் கருத்தைச் சொன்னார். மரினா குடாவில் ஒருமுறை நின்றவர் இதனை மறுக்கமாட்டார்.

எனினும் சாய்வொளியில் எடுக்கப்படும் கடற்படம் யாவும் வெறும் அலங்காரம் என முடிவு கட்டுவது பிழை. சிங்கப்பூரின் யிப் சியோங் ஃபன் (1903-1989) கடற்காட்சிகளுக்குப் பெயர்பெற்றவர். 1984இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 1957இல் அவர் எடுத்த, விடியலில் துடுப்பு வலித்தல் எனப் பொருள்படும் தலைப்புடைய படம் பலரும் அறிந்தது. பொழுது வைகறையாயினும் ஒளியின் சிக்கல் அந்திக்கும் அதற்கும் பொதுவானதே. அப்படத்தின் தலைப்பே பொழுதோடு தொழிலையும் சேர்த்துச் சொல்கிறது. துடுப்பு வலிப்பவரை நீக்கிவிட்டால் எஞ்சும் ஒளிக்கு அத்தலைப்பு பொருந்தாது.

முதல், கரு, உரி

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல், அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். எற்பாடு என்பதற்குப் பொருள் கொள்வதில் கருத்து வேறுபாடு உண்டெனினும், கதிரவன் சாயும் நேரம் என்பதே பரவலாகக் கொள்ளப்படும் பொருள். எனவே கடற்கரையையும் பொழுதுசாய்வையும் இணைத்துக் காண்பது நமக்குப் புதியதன்று. எற்பாடும் மாலையும் வெவ்வேறு பொழுதுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது. இன்று படமெடுப்போர், கதிரவன் மறையுமுன் உள்ள பொன்னிறப் பொழுதையும் மறைந்தபின் வரும் நீலப் பொழுதையும் வேறுபடுத்துகின்றனர். கட்டட விளக்குகளும் வானொளியும் சமமாகும் அந்த நீலப் பொழுதிலேதான் மரினா குடாவின் புகழ்பெற்ற படங்கள் பல எடுக்கப்படுகின்றன.

நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. முதல், கரு, உரி ஆகிய மூன்றும் செய்யுளில் பயிலுமிடத்து ஒன்றைவிட மற்றொன்று முறையே சிறந்தது என்பது தொல்காப்பியர் கருத்து. நெய்தலின் கருப்பொருளில் பரதவர் உண்டு. மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் உண்டு. இவற்றின் வழியாகவே பொழுதுசாய்வு இரங்கலாகிறது. படகு திரும்பவேண்டிய நேரம், வருவோரை எதிர்நோக்கும் நேரம் என்பதாலேயே எற்பாடு துயர் தருகிறது. செவ்வானம் தானாக எவரையும் இரங்க வைப்பதில்லை. துறைமுகத்தைப் பாடிய பட்டினப்பாலையிலும் மலைபோல் குவிந்த பண்டங்களையும் அவற்றில் புலிச்சின்னம் பொறிக்கும் சுங்கப் பணியாளரையும் காண்கிறோம்.

இவ்வளவுகோலால் நோக்கின் வழக்கமான அந்திப் படம் முதற்பொருளோடு நின்றுவிடுகிறது என்பது தெளிவு. அது சிறப்பில் முதற்படி. அதனையே முடிவாகக் கொள்வதால் பார்ப்பவர்க்குச் சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. மாணவர் தாமே ஒரு பறவையைக் கொண்டுவந்து சேர்ப்பது, அங்கில்லாத கருப்பொருளை நிரப்பும் முயற்சியே எனலாம்.

அகப்பாடலுக்குரிய இலக்கணத்தைப் புகைப்படத்தின்மேல் ஏற்றுவது முறையா என்னும் வினா எழலாம். படத்தில் தலைவனையும் தலைவியையும் தேடுவது இங்கு நோக்கமன்று. இடத்துக்கும் பொழுதுக்கும் மனிதர் வாழ்வுக்கும் இடையே உறவு காட்டப்படுகிறதா என்று கேட்பதே நோக்கம். மேலைநாட்டில் ஆலன் செக்யுலா 1995இல் வெளியிட்ட மீன்கதை எனப் பொருள்படும் தலைப்புடைய நூல், கொள்கலன் காலத்துத் துறைமுகங்களையும் கடலுழைப்பையும் படங்களாலும் கட்டுரைகளாலும் ஆராய்ந்தது. உழைப்பை மீண்டும் கண்ணுக்குக் கொண்டுவர அந்நூல் உதவும். உழைப்போரின் உள்ளத்தைப் பொழுதோடு இணைத்துப் பேசத் திணைக்கோட்பாடு நமக்குக் கூடுதலான மொழியைத் தருகிறது.

ஒளியளவும் மனிதரும்

கருப்பொருள் விடுபடுவதற்குப் படமெடுப்போரின் அலட்சியம் மட்டுமே காரணமன்று. இரண்டு நுட்பக் காரணங்களும் உள்ளன. முதலாவது ஒளியளவு. சாயும் கதிரவனை நோக்கும்போது வானத்துக்கும் கரைக்கும் உள்ள ஒளி வேறுபாடு மிகப் பெரிது. வானத்துக்கு ஏற்பப் பதித்தால் மனிதர் கருநிழலாவர். மனிதருக்கு ஏற்பப் பதித்தால் வானம் வெளுத்துவிடும். படமெடுப்பவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பெரும்பாலோர் வானத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். இன்றைய கைத்தொலைபேசிகள் பல பதிவுகளை இணைத்து இவ்வேறுபாட்டைக் குறைக்கின்றன. ஆனால் பழகிய கண் இன்னும் நிழலுருவையே அழகென்று நாடுகிறது.

இரண்டாவது பதிவு நேரம். நீரைப் பட்டுப்போல் காட்ட விரும்புவோர் ஒளியைக் குறைக்கும் கண்ணாடியைப் பொருத்தி அரை நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்கின்றனர். அந்நேரத்தில் நடந்து செல்பவர் படத்தில் தங்குவதில்லை. டாகேர் 1838இல் பாரிஸ் வீதியொன்றைப் பல நிமிடங்கள் பதித்தபோது, போவோரும் வருவோரும் வண்டிகளும் மறைந்துபோயினர். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாது நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். அவர் காலடியில் வேலை செய்தவரின் உருவம் கலங்கியே தெரிகிறது. நீண்ட பதிவில் நிற்பவர் தங்குவார், உழைப்பவர் கலைவார் என்பதற்கு இது தொடக்கக் காலச் சான்று.

இவ்விடுபாடு தமிழராகிய நமக்குத் தனிப்பொருள் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றின் சரக்குப் படகுத் தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் முதன்மை பெற்றிருந்தனர். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் அவர்களுக்கென ஆற்றோரம் குடியிருப்புப் பகுதி ஒதுக்கப்பட்டது. பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. 1864இல் தஞ்சோங் பகார் கப்பற்றுறை நிறுவனம் அமைந்தபின் விரிவடைந்த துறைகளில் தமிழ்த் தொழிலாளர் சுமை தூக்கினர். சூலியா வீதி என்னும் பெயர் இன்றும் ராஃபிள்ஸ் பிளேஸின் அருகே உள்ளது. அந்திப் படத்தில் கருநிழலாய் நிற்கும் கோபுரங்களின் அடியில்தான் அவ்வீதி ஓடுகிறது. படத்தைக் காட்டி வருணிக்கச் சொல்லும் ஆசிரியர் இதனைச் சொல்லாவிடின், மாணவருக்குப் படம் தானாகச் சொல்லப்போவதில்லை.

ஒரு வகுப்பறை அனுபவம்

சில ஆண்டுகளுக்குமுன், ஆசிரியப் பணிக்குச் செல்லவிருந்த மாணவர்களுக்கு நெய்தல் திணையைக் கற்பித்தபோது, துறைமுக அந்தியைக் காட்டும் படம் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். பெரும்பாலோர் எடுத்துவந்தவை மேலே விவரித்த படங்களே. ஒரு மாணவி மட்டும் மரினா சவுத் துறையில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சிறுபடகில் வந்த பணியாளர் ஒருவர் தோளில் பையுடன் படியேறுகிறார். மாணவி அவர் முகத்துக்கு ஏற்ப ஒளியை அமைத்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. பின்னால் வானம் வெளுத்துப்போயிருந்தது. அந்தி என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் மங்கிய ஆரஞ்சுக் கீற்று ஒன்றே எஞ்சியது.

வகுப்பில் பலர் அப்படத்தை ஏற்கவில்லை. செவ்வானம் இல்லாமல் இது எப்படி அந்தியாகும் என்று கேட்டனர். நானும் முதலில் ஒளியளவைப் பிழை என்றே குறித்தேன். பின்னர் எல்லாப் படங்களுக்கும் பத்து வரி எழுதச் சொன்னபோது வேறுபாடு புலப்பட்டது. மற்றப் படங்களுக்கு எழுதிய வரிகளை ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாலும் பொருந்தின. இப்படத்துக்கு எழுதியவை அவ்வாறு இல்லை. அவர் எத்தனை மாதம் கழித்துக் கரையேறுகிறார், பையில் என்ன இருக்கிறது, முதலில் யாரை அழைத்துப் பேசுவார் என்றெல்லாம் எழுதியிருந்தனர். பறவை எவர் கட்டுரையிலும் வரவில்லை. நான் குறித்த பிழைக்குறியை அடித்துவிட்டேன்.

முடிவுரை

அந்திப் படங்களைத் தவிர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மரினா குடாவுக்குச் சென்றால் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஒருவரையொருவர் படமெடுத்துக்கொள்வதைக் காணலாம். பின்னணி அதே செவ்வானம், அதே கோபுரங்கள். ஆனால் முன்னால் ஒரு முகம் இருக்கிறது; அப்படம் அன்றிரவே ஊருக்குப் போய்ச் சேர்கிறது. அதைப் பார்க்கும் மனைவியோ தாயோ வானத்தை அல்ல, மெலிந்திருக்கிறாரா என்று முகத்தையே பார்ப்பர். இக்கால நெய்தலின் இரங்கலை இப்படங்களில் காண்பது மிகையாகாது. கலைக்கண்காட்சிகளில் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. நம் பாடநூல்களிலும் இல்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது எளிது. துறைமுகப் படம் ஒன்றை வகுப்பில் காட்டும்போது மூன்று வினாக்களை முறையே கேட்கலாம். இது எந்த இடம், எந்தப் பொழுது? இங்கு யார், என்ன தொழில் செய்கின்றனர்? இப்பொழுது சாய்வது அவர்க்கு எதனை நினைவூட்டும்? முதல் வினாவுக்கு மட்டும் விடை தரும் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஏனைய இரண்டுக்கும் படத்தில் விடை ஏன் இல்லை என்று மாணவரையே எழுதச் சொல்லலாம். துவாசுக்குப் பெயரும் துறைமுகத்தில் தானியங்கி ஊர்திகள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. வேலை செய்யும் மனிதரை இனி அங்கும் எளிதில் காண இயலாது. இரண்டாம் வினாவைக் கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்தாவிடின், பின்னர் அவ்வினா தேவை என்பதே மாணவருக்குத் தோன்றாமற்போகும்.